மேம்பாலம் ஏறிய எலுமிச்சம்பழம்

சென்னையில் சொல்லிக்கொள்ளும்படி மலை கிடையாது. அதனால் சைக்கிளில் மலை ஏறப் பழகுகிறவர்கள் அடையாறு பக்கம் ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்குவார்கள். காலை ஐந்தரைக்கே நூறு சைக்கிள் நிற்கும். டாக்டர், நகைக்கடை முதலாளி, கம்ப்யூட்டர் இன்ஜினீயர் எல்லாரும் உண்டு. கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம், வாயில் "ஏற்றசாமிக்கு ஜே!"

ஏற்றசாமியின் பழைய பெயர் அய்யாதுரை. அவருடைய சைக்கிள் சீட்டுக்கு அடியில் மந்திரித்த எலுமிச்சம்பழம் தொங்கும். பாலம் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்காது, வேர்க்காது. வண்டியில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஒரு வாய் குடிக்க மாட்டார். அதைக் கடும் விரதம் என்று சொல்லிப் பக்தர்கள் புல்லரித்தார்கள். மந்திரித்த பழம் அவர்களுக்கும் கிடைக்கும், ஒன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கட்டிய பிறகும் மூச்சு வாங்கினால் நம்பிக்கை போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து, இன்னொரு பழம்.

அகஸ்டின் சாந்தோமில் கணக்கு வாத்தியார். பத்து வருடம் ஓட்டக்காரர். நாற்பத்திரண்டு வயதில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லானில் இறங்கினார். வரும் ஞாயிறு ஏலகிரியில் போட்டி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. மனிதர் பயிற்சியை நிறுத்திவிட்டு இரண்டு பழம் வாங்கியிருந்தார்.

"இறக்கத்துல பிரேக் பிடிச்சா பழத்துக்குக் கோபம் வருமாம்," என்றார் மனைவி பிரிஸில்லாவிடம். "நான் பிடிக்கப்போறதில்ல."

பிரிஸில்லா மறுநாள் காலை, சைக்கிள் ரிப்பேர் செய்யும் டில்லிபாபுவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்கே வந்துவிட்டாள்.

"சாமி, உங்க பழத்தை எங்க வீட்டுக்காரர் வண்டில கட்டுங்க. பழம் இல்லாம உங்க வண்டிய டில்லிபாபு ஓட்டட்டும். யாரு சுலபமா ஏறுறாங்கன்னு பாத்துடலாம்."

"வண்டி மாறினா சக்தி கலைஞ்சிடும்மா."

"அப்ப உங்க கூடையில இருக்கற பழம் மட்டும் எப்படி எங்க வண்டிக்கு மாறுது?"

கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு அதுவரை தோன்றவில்லை. கூட்டமோ, "காட்டிடுங்க சாமி!" என்றது. சாமி வாய் திறப்பதற்குள் நகைக்கடை முதலாளியே பக்தியோடு பழத்தை அவிழ்த்துவிட்டார்.

அகஸ்டின் மூன்று பழத்தோடு ஏறினார். பாதியில் நாக்குத் தள்ளியது. டில்லிபாபு மாடிப்படி ஏறினாலே இருமுகிறவர். "இன்னாமோ பொத்தான் கீதே," என்று ஒரு அழுத்து அழுத்தினார். வாயில் பீடி புகைய உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து, வண்டியைத் தரையில் சாய்த்தார்.

யாரும் மிதிக்காமலே பெடல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெடலுக்கு அருள் வந்துடுச்சு!" இன்ஜினீயர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அருளு இல்ல நைனா, மோட்டாரு. சீட்டுக் கொழாய்க்குள்ள கீது." டில்லிபாபு தண்ணீர் பாட்டிலை உருவினார். பெடல் நின்றது. மூடியைத் திறந்து காட்டினார். "பேட்டரி. இத்த எப்டிக் குடிப்பாரு?"

சாமியைத் தேடினார்கள். அவர் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார். ஓடும்போது ஒரு பழத்தைக்கூட அவர் துணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம பிரேக் பிடிப்பீங்கல்ல?" என்று கேட்டாள் பிரிஸில்லா.

"ரெண்டு கையாலயும்," என்றார் அகஸ்டின். வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்திருந்தது. பிறகு மூன்று பழத்தையும் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, பயிற்சிக்காக மறுபடி பாலம் ஏறினார்.

மற்றவர்கள்? வேளச்சேரிப் பக்கம் ஒருவர் பூசணிக்காய் மந்திரித்துத் தருகிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயா, விலை உயர்ந்த ஹெல்மெட் மாட்டுகிறீர்களே, உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தானே? அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதை ஒரு நாளாவது பயன்படுத்திப் பாருங்கள்.