தண்ணீர் குடிக்காத ஏழாம் செடி

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வீட்டுக்காரி, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், கல்யாணப் பெண் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வர முடியாதென்று நான் சொன்னதும் போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். கோபம் நியாயம்தான். ஆனால் என் பாட்டையும் கேள். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் மக்காச்சோளம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கிறோம். ஒரு வரிசைக்கு முழுத் தண்ணீர், ஒன்றுக்குப் பாதி, கடைசி வரிசைக்கு முளைத்ததிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தினமும் நடுப்பகலில் ஒவ்வொரு செடியின் உயரம், இலை நீளம், இலைச் சூடு எல்லாம் எடுப்பது நான். எண்பத்து நாலு நாளாகக் குனிந்து குனிந்து, இப்போது நிமிர்ந்தால்தான் வலிக்கிறது.

கடைசி வரிசையில் பதினோரு செடிகள் சொன்ன பேச்சைக் கேட்டு வாடிவிட்டன. ஏழாவது மட்டும் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. அதைப் பார்த்த நாள்முதல் எங்கள் பொறியாளர் அம்மாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. முதலில் என் அளவு நாடாவைச் சந்தேகப்பட்டார், மாற்றினோம். பிறகு குழாய் கசிகிறதோ என்று முப்பதடி நீளத்துக்குத் தோண்டச் சொன்னார். தோண்டினேன். கசிவே இல்லை, நான் கடப்பாரையால் உடைத்த இடத்தைத் தவிர. அப்புறம் காவல்காரரைக் கூப்பிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டார். "சத்தியமா நான் அந்தப் பக்கம் ஒதுங்கறதே இல்லைங்க"ன்னு அந்த மனுஷன் அழாத குறை. கடைசியில் என்னிடம் வந்து, "இது தண்ணியே இல்லாம வாழக் கத்துக்கிட்ட செடிங்க. பதினெட்டு வருஷமா இதைத்தான் தேடிட்டிருந்தேன். விதை கைக்கு வர்ற வரைக்கும் ஒருநாள்கூட லீவு போட்டுடாதீங்க" என்று கண் கலங்கினார். எப்படி அக்கா முடியாதென்று சொல்வது?

அதோடு, அந்த வரிசைக்கு யாரும் தண்ணீர் காட்டிவிடக் கூடாதென்று முதல் நாளிலிருந்தே காவல் இருப்பதும் நான்தான். வரிசைக்கு நடுவே, ஏழாவது செடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு, மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே முடித்துக்கொள்கிறேன். என் கண்ணில் மண்ணைத் தூவ ஒருத்தராலும் முடியாது.

ஆகவே கல்யாணத்தை நான் இல்லாமலே சிறப்பாக நடத்து. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி, அத்தானுக்கு வணக்கம். கோபம் ஆறினால் இரண்டு வரி எழுது.

உன் தம்பி

பி.கு.: இதை அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் எழுதினேன். எழுதிவிட்டுச் சாப்பிட்டேன். வழக்கம்போல டப்பாவைக் கழுவி, கையைக் கழுவி, பாட்டிலில் மிஞ்சியதில் வாயைக் கொப்பளித்தேன். கடிதம் நனையக் கூடாதே என்று, அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா, எண்பத்து நாலு நாள்! பொறியாளர் அம்மா தன் அறையில்தான் இருக்கிறார். கால் வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் போய்ச் சொல்லத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் போலிருக்கிறது. சாப்பிட்டபின் எங்கே கை கழுவ வேண்டும் என்று மட்டும் யாரையாவது காட்டச் சொல்.