பாட்டி இன்னும் எழவில்லை

அன்புள்ள பேரனுக்கு உன் பாட்டி எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் நலம் என்று தொடங்குவார்கள், நான் உயிரோடு என்று தொடங்கவேண்டி வந்ததற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் பாதியில் "சரி பாட்டி, மீட்டிங் இருக்கு" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரத் திங்கட்கிழமை காலை என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. உன் பெரியப்பா. உன் பெரியம்மா. என் தங்கை, அதாவது உன் சின்னப் பாட்டி. அவளைக் காரில் கூட்டிவந்த, வாயே திறக்காத அவள் மருமகன். இரண்டாம் மாடிப் பல் டாக்டர். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, ஆறு வருஷத்துக்கு முன் என் ரவிக்கையை இறுக்கித் தைத்துவிட்டு நான்தான் பருத்துவிட்டேன் என்று சொன்னவள். பூட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்க்க வந்து, கதவு உடைகிற சத்தம் கேட்டு ஸ்பானரோடு உதவிக்கு ஓடிவந்த மெக்கானிக். கம்ப்யூட்டர் கடைக்காரர் பத்து மணிக்குத்தான் வந்தார், ஆனாலும் அவரைச் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னைப் பார்த்து முகம் மாறாதவர் அவர் ஒருவர்தான். ஆக ஒன்பது பேர். உன் அத்தை போனில் இருந்தாள், போனில் இருப்பவளை வந்தவள் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

இவர்கள் எல்லோரும் எதற்கு வந்தார்கள் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் கேள். தாத்தா போன பிறகு நீ வந்து, அவர் சீட்டாடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அதில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டனும் பச்சை விளக்கும் வைத்துவிட்டுப் போனாய். காலையில் எழுந்ததும் நான் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து, ஏழு பேர் போனில் "பாட்டி எழுந்தாச்சு" என்று வரும். எட்டு மணிக்குள் என் மெஷினிடமிருந்து தகவல் போகாவிட்டால், நீ எங்கேயோ வைத்திருக்கிற இன்னொரு மெஷினிலிருந்து "பாட்டி இன்னும் எழவில்லை" என்று வரும். சின்னப் பாட்டி வீட்டிலும் அதே பட்டன், ஆனால் அவளுக்கு சோப்புப் பெட்டி அளவில் புது மெஷின், எனக்கு மட்டும் பழையது, அதை நான் மறக்கவில்லை. இதில் ஓடுகிற நிரல் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கிறது பாட்டி, கப்பலில் ஏற்றுகிற பெட்டி மாதிரி, எந்த வீட்டில் இறக்கினாலும் உள்ளே இருப்பது மாறாமல் ஓடும் என்று நீ சொன்னது சாயங்காலம் நாலே கால் மணிக்கு, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மூக்குக் கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

அந்தத் திங்கட்கிழமை ஆறரைக்கு அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினேன், எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எட்டு மணிக்குத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது கேட்கவில்லை, கதவைத் தட்டியது கேட்கவில்லை, தாழ்ப்பாளை உடைத்ததும் கேட்கவில்லை. தலையில் துண்டோடு வெளியே வந்தால் கூடம் நிறைய ஆள். சின்னப் பாட்டி அழுகையின் நடுவில் இருந்தாள், என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் மீதியையும் அழுது முடித்தாள். பல் டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார், பிறகு பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொன்னார். உன் பெரியம்மா என் பீரோவைத் திறந்து எனக்கு உடுத்திவிட ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள், அதுவும் அந்தச் சாம்பல் நிறப் புடவை, என் எதிரிக்குக்கூட நான் அதைக் கட்டிவிடமாட்டேன். உன் பெரியப்பா மட்டும் போய் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே டீ போட்டேன். வீட்டில் ஆறு டம்ளர்தான், லிஃப்ட் மெக்கானிக் அரிசி அளக்கிற குவளையில் குடித்தார். பன்னிரண்டு மணிவரை ஒருவரும் கிளம்பவில்லை. தாத்தா போன அன்றைக்குப் பிறகு அந்தக் கூடத்தில் அத்தனை செருப்புகளை நான் பார்த்ததில்லை, பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் உன் போன். கடைக்காரர் திரையில் வந்ததைப் படித்தார், "எக்ஸெக் ஃபார்மட் எரர்", இந்த நிரல் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தமாம், ஒரே வரி, ராத்திரி முழுக்க அது எழுந்து எழுந்து விழுந்து இதையே நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தது. நீ என்ன சொன்னாய்?

"என் லேப்டாப்ல நல்லா ஓடுது பாட்டி. சின்னப் பாட்டி வீட்டுலயும் ஓடுது."

"அப்போ நான்தான் ஓடலைன்னு சொல்றியா?"

நீ சிரிக்கவில்லை. எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தாய். நான்தான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூணு பத்துக்கு அந்த மெஷினின் மின்விசிறி இரண்டு தரம் உறுமியது, விளக்கு அணைந்து எரிந்தது, அப்போது நீ ஏதோ அனுப்பியிருக்கிறாய் என்று. ஆமாம், புதுசாக ஒன்று செய்து அனுப்பினேன், ஆனால் பழைய மாதிரியேதான் என்றாய். போன மாதம் பதினாலாம் தேதி, பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறேன், சூடே ஆகாது பாட்டி என்று பெருமையடித்தாயே, இதை அதில்தானே செய்தாய் என்று கேட்டேன். அதில்தான் என்று ஒப்புக்கொண்டாய். உன் புது லேப்டாப்பின் ப்ராசஸர் ஒரு ஜாடை, என் மெஷினின் ப்ராசஸர் வேறு ஜாடை, அங்கே செய்தது அங்கே உள்ள மூளைக்குத்தான் புரியும், சின்னப் பாட்டியின் சோப்புப் பெட்டிக்கும் உன் லேப்டாப்புக்கும் ஒரே மூளை என்று கடைக்காரர் எனக்கு விளக்கினார். நானும் என் தங்கையும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று ஒரு மெஷின் ஏழு பேருக்கு அறிவித்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மா, நடந்ததையெல்லாம் எழுதி வைக்க மெஷினுக்கு லாக் எதுக்கு, நீங்களே போதும்" என்றார். அவர் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ ஒழுங்காகக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சின்னப் பாட்டியின் மூளையே கொண்ட மெஷின் ஒன்றைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்தார். அதில் நிரல் ஓடியது, பட்டன்தான் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. இது வேறு வகை லினக்ஸ், கன்டெய்னருக்கு வெளியே இருக்கிற எதையும் அனுமதியில்லாமல் தொடவிடாது என்று சொல்லித் திரும்ப எடுத்துப் போனார். புதன்கிழமை நீ ஒரு யோசனை சொன்னாய், பழைய மெஷினை வேஷம் போட வைக்கலாம், அது தன்னைப் புது மெஷின் என்று நினைத்துக்கொண்டு ஓடும் என்று. ஓடியது. ஆனால் வேஷம் போட்டதில் அதற்கு மூச்சு வாங்கியது. ஆறரைக்கு நான் அழுத்தினால் எட்டு நாற்பதுக்கு விளக்கு எரிந்தது. ஆக, தினமும் எட்டு மணிக்கு நான் எழவில்லை என்று ஏழு பேருக்குச் செய்தி போகும், நாற்பது நிமிஷம் கழித்து நான் எழுந்துவிட்டேன் என்று இன்னொன்று போகும். நாலு மணிக்கே அழுத்திவிடுங்கள் பாட்டி என்றாய். எழுந்துவிட்டேன் என்று சொல்வதற்காக என்னைத் தூங்க வேண்டாம் என்கிறாயா?

வியாழக்கிழமை செய்தி போனதும் பெரியப்பா வந்தான், சாப்பாட்டு டப்பாவோடு, நின்றபடியே பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போனான். வெள்ளிக்கிழமை சின்னப் பாட்டி போன் செய்து, "இருக்கியா? சரி" என்று வைத்தாள். சனிக்கிழமை பல் டாக்டர் படியில் இறங்கிக்கொண்டே, என் கதவைப் பார்க்காமல், "என்ன, இன்னைக்கும் எட்டு நாப்பதா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் இல்லை. பாட்டி எட்டு நாற்பதுக்கு எழுந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது.

திங்கட்கிழமை, அதாவது நேற்று, நீ இரண்டு ஜாடை மூளைக்கும் சேர்த்துச் செய்து அனுப்பினாய், கண் இமைக்கும் நேரத்தில் விளக்கு எரிந்தது, இனி எந்த வீட்டில் வைத்தாலும் ஓடும் என்றாய். உனக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் இன்று காலை நான் பட்டனை அழுத்தவில்லை. குளித்து, தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டேன். புதிதாக வாங்கி வைத்திருந்த மூன்று டம்ளரையும் கழுவி ஒன்பதாக அடுக்கினேன். பூட்டுக்காரருக்கு வேலை வைக்க வேண்டாம் என்று தாழ்ப்பாளைத் திறந்தே விட்டேன். அந்த மெஷினுக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். எட்டு அடித்தது. ஒன்பது அடித்தது. லிஃப்ட் நாலு தரம் மேலே வந்தது, நாலு தரமும் வேறு மாடிக்குப் போனது. பதினொரு மணிக்கு டம்ளர்களை உள்ளே எடுத்து வைத்தேன். போன் ஒருதரம் அடித்தது, ராங் நம்பர், அந்த ஆளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தீர்ப்பை எழுதிவிடுகிறேன், எல்லோருக்கும் படித்துக் காட்டு. உன் பெரியப்பா முதல் நாள் கதவை உடைத்தான், இன்று அந்தக் கதவைத் தள்ளிக்கூடப் பார்க்கவில்லை, அவனுக்கு மன்னிப்பு இல்லை. பெரியம்மா அந்தச் சாம்பல் புடவையை அவளே கட்டிக்கொள்ளட்டும். சின்னப் பாட்டி வீட்டு விளக்கு ஒருநாள் எரியாமல் போனால் நான் வெறுங்காலோடு ஓடுவேன், அவளுக்கும் அது தெரியும், அதனால்தான் அவளை மன்னிக்க முடியவில்லை. பல் டாக்டரிடம் இனி என் பல்லைக் காட்டமாட்டேன். நீ அடுத்தமுறை யாரையாவது அனுப்பி இந்த மெஷினையும் பட்டனையும் கழற்றி எடுத்துக்கொள். யாரும் வராத வீட்டில் மணி எதற்கு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன் லேப்டாப்பும் சூடாகாமல் இருங்கள். உன் அம்மா அப்பாவுக்கு என் ஆசீர்வாதம், கோபம் தணிந்த பிறகு இன்னும் கொஞ்சம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: தபால்தலை வாங்க ஆளில்லாமல் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரர் அந்த மெஷினைக் கழற்ற வந்தார். கழற்றுமுன் ஏதோ பார்த்துவிட்டு, "அம்மா, செவ்வாய்க்கிழமையும் கரெக்டா ஆறரைக்கு அழுத்தியிருக்கீங்களே" என்றார். நான் அழுத்தவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் தேடி ஒரு வரியைக் காட்டினார். இரண்டு மூளையிலும் ஓடுகிறதா என்று பார்க்க, தினமும் ஆறரைக்குத் தானே பட்டனை அழுத்துகிற மாதிரி நீ சோதனைக்கு ஒரு வரி போட்டிருக்கிறாய். "எடுக்க மறந்துட்டார்மா" என்றார். ஆக, செவ்வாய்க்கிழமை நான் அலங்காரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழு பேருக்கும் பாட்டி எழுந்தாச்சு என்று செய்தி போயிருக்கிறது. அவர்கள் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் மேலே எழுதிய தீர்ப்பு எல்லாம் ரத்து, யாருக்கும் படித்துக் காட்டாதே. மெஷினையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிடு. இதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது, ஏன் என்று சொல்கிறேன். அந்த வரி இருக்கும்வரை, வராத எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எடுத்த பிறகு ஒருநாள் நான் அழுத்தாமல் போய், அன்றைக்கும் ஒருவரும் வராவிட்டால், மெஷின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. ஆனாலும் எடுத்துவிடு.

பெரியப்பாவையும் பெரியம்மாவையும் மன்னித்தாகிவிட்டது. சின்னப் பாட்டியை வெள்ளிக்கிழமையே மன்னித்துவிட்டேன், அவளுக்குச் சொல்லவில்லை. உன்னையும் மன்னித்தேன், மறதி உனக்குத் தாத்தா வழியில் வந்தது. ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன்: மூட்டுவலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ஒருநாளும் பிசகாமல், எனக்கு முன்னால் ஆறரைக்கு எழுந்து ஏழு பேருக்கும் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தப் பாட்டியை.