இடப்பக்கம் திறக்கும் வால்வு

குடிநீர் வாரியத்தில் நடைமுறைச் சீரமைப்புப் பிரிவின் அதிகாரியும், வீட்டில் எங்களுக்குச் சின்னக்குட்டியுமான அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் முதுகுவலி விவரமும் அறிய ஆவல்.

ஊர் முழுவதற்கும் ஒரே நடைமுறை என்று நீ போட்ட கையேட்டைப் பெருமையோடு இரண்டு முறை படித்தேன். "எல்லா வால்வுகளும் வலப்பக்கம் திருப்பினால் திறக்கும்" என்று பன்னிரண்டாம் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறாய். நம் தெருவின் பழைய வால்வு அதைப் படிக்கவில்லை. அது இடப்பக்கம்தான் திறக்கும். நீண்ட இரும்புச் சாவியோடு வந்து தண்ணீர் திறந்துவிடும் நம் சாவிக்காரர், உன் கையேட்டுக்குக் கட்டுப்பட்டு, திறக்கிறேன் என்று மூன்று நாள் அதை இறுக்கி மூடினார். குழாயில் காற்றுதான் வந்தது. "பொண்ணு போட்ட புத்தகம் நல்லாத்தான் இருக்கு. பிழிஞ்சா ஒரு குடம் வருமா?" என்று உன் அம்மா என்னைக் கேட்டாள். நான்காம் நாள் மனம் பொறுக்காமல் அவர் இடப்பக்கம் திருப்பினார், தெருவே குளித்தது, மறுநாள் நடைமுறையை மீறித் தண்ணீர் கொடுத்ததற்காக மெமோ வந்தது, அதில் உன் கையெழுத்து, திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடுமாம். "இருபத்தாறு வருஷ சர்வீஸ் சார். பாப்பா கையெழுத்துலயே போகுதே" என்று சிரிக்கப் பார்த்தார்.

நானும் ஒருகாலத்தில் ஒழுங்குப் பைத்தியம்தான். வகுப்பில் எல்லாரையும் உயர வரிசையில் உட்காரவைத்தேன். பார்க்க அத்தனை அழகு! கடைசி பெஞ்சு நெட்டையனுக்குக் கிட்டப்பார்வை, கரும்பலகையே தெரியவில்லை என்பது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை அவனைச் சோம்பேறி என்று திட்டினேன். ஏன்டா சொல்லவில்லை என்றால், "யாரு சார் கேட்டாங்க?" என்கிறான்.

ஆகவே அந்த மெமோவை உடனே கிழித்துப்போடு. நீ எடுத்த காரியமெல்லாம் அடைப்பில்லாமல் ஓடட்டும் என்று வாழ்த்தும்,

அப்பா

பி.கு.: உறையில் போடும் முன் சாவிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பதறிவிட்டார். "ஐயோ சார், கெடுத்துடாதீங்க! நேத்து பாப்பாவே போன் பண்ணுச்சு. நாங்க சொல்றதை எழுதிக்க ஆபீஸ்ல ஒரு ஃபாரமும் கிடையாதாம். மெமோவுக்குக் குடுக்கற பதிலைத்தான் ஃபைல்ல சேர்ப்பாங்களாம். அதுக்குத்தான் மெமோவே! 'அண்ணே, சொன்ன பேச்சு கேக்காத வால்வு எல்லாத்தையும் எழுதிக் குடுங்க'ன்னுச்சு." நான்கு பக்கம் எழுதி எடுத்துவந்திருக்கிறார்: பதினேழு வால்வுகள், எந்தத் தெருவில் எது எந்தப் பக்கம் என்று. மேலே நான் எழுதியதெல்லாம் ரத்து, மெமோவைக் கிழித்துவிடாதே. அவர் விளக்கத்தையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். இடம் வலத்தில் கை வைக்கவில்லை.