உபகாரசாமியின் வலது தோள்

முதல் குண்டிலேயே உபகாரசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துப்பாக்கி கையில் இருந்தது. தொப்பி பின்னால் கிடந்தது. எதிரே கண்மாய்க் கரையில் சாத்தி வைத்திருந்த பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

"எந்திரிங்க," என்றார் ஏட்டு சின்னக்கருப்பு. "இன்னும் நாலு தோட்டா இருக்கு."

"தோள் போயிருச்சு ஏட்டையா."

"எங்கயும் போகலை, அங்கதான் இருக்கு. துப்பாக்கிக் கட்டையைத் தோளோட ஒட்டிப் பிடிக்கணும். நீங்க பயந்து விலக்கிப் பிடிக்கிறீக. அது ஓடி வந்து உதைக்குது."

உபகாரசாமி எழுந்தார். மிச்சம் நாலையும் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். நாலு முறையும் விலக்கித்தான் பிடித்தார். உதைக்கும் என்று தெரிந்த மாட்டின் பக்கத்தில் யார் போய் ஒட்டி நிற்பார்கள்?

காரைக்குடியில் ஒரு வங்கி வாசலில், இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் வேலை. பட்டாளத்தில் இருந்தவர் என்று கொடுத்தார்கள். பட்டாளத்தில் அவர் கிடங்கில் கம்பளிக்குப் பொறுப்பாக இருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. துப்பாக்கியைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். சுட்டதில்லை.

அந்த வருடம், எழுபத்து மூன்றில், வேறு ஏதோ ஊரில் ஒரு கிளையில் கொள்ளை போய்விட்டது. அங்கிருந்த காவலாளிக்குத் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லையாம். உடனே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. காவலாளிகள் எல்லாரும் போலீஸ் அதிகாரி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். பலகையில் படாதவர்களுக்குத் துப்பாக்கி இல்லை, வாசலும் இல்லை. பழகிக்கொள்ள ஒவ்வொரு ஞாயிறும் மாதாகோயில் பூசை முடிந்த பிறகு ஏட்டு வந்து கண்மாய்க்குக் கூட்டிப்போவார்.

முதல் ஞாயிறான அன்று கோட்டையூர் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் மனைவி அடைக்கலமேரி இருந்தாள். இருந்தாள் என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை. அவரிடம் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் இன்பமேரி கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று நின்றபோது, பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து பெற்றோர் சம்மதம் கேட்டார். அடைக்கலமேரி அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் உபகாரசாமி, "சரி சாமி" என்று சொல்லி முடித்திருந்தார். மகள் வடக்கே எங்கோ ஒரு மடத்துக்கு ரயிலேறினாள். அன்றிலிருந்து அடைக்கலமேரி, சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்லிவிட்டுப் போவாள். "சோறு எடுத்து வச்சிருக்கு. விளக்குக்கு எண்ணெய் இல்லை." கோழி கேட்டுக்கொண்டு நிற்கும். உபகாரசாமி எண்ணெய் வாங்கி வருவார்.

அன்று சட்டையைக் கழற்ற அவருக்குக் கை எழவில்லை. இரண்டு பொத்தானோடு நின்றுவிட்டார். உள்ளே போகவிருந்த அடைக்கலமேரி திரும்பிப் பார்த்தாள். சட்டையை அவளே விலக்கினாள். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

கொல்லைக்குப் போய் நொச்சி இலை ஒடித்து வந்து, வதக்கித் துணியில் முடிந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையைத் தளர்த்துங்க," என்றாள்.

உபகாரசாமி தளர்த்தினார். அவள் பேசியது தன்னிடம் என்பது அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எதுல அடிபட்டீக?"

"துப்பாக்கியில."

"திருடன் வந்தானா?"

"இல்ல. நான் சுட்டேன்."

"யாரை?"

"பலகையை."

"பட்டுச்சா?"

"இல்ல."

அவள் ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் வடிகிறவரை காலையும் மாலையும் இரண்டொரு வார்த்தை வந்தது. வீக்கம் வடிந்ததும் மறுபடி கோழிக்கே போய்விட்டது.

உபகாரசாமிக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. துப்பாக்கி போனால் என்ன ஆவது என்பதே மனம் முழுக்க இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த செம்மலையிடம் காக்கிச் சட்டையைக் கொடுத்தார்.

"வலது தோளுக்கு உள்பக்கமா மெத்தை வச்சுத் தைக்கணும். இலவம்பஞ்சு. கை தடிமன் இருக்கட்டும்."

"பஞ்சு உதையை நல்லா வாங்கும்ணே," என்றான் செம்மலை. "சனிக்கிழமை தாரேன்."

சனிக்கிழமை அடைக்கலமேரியே சந்தைக்குப் போன வழியில் சட்டையை வாங்கிவந்து ஆணியில் மாட்டியிருந்தாள். உபகாரசாமி தடவிப் பார்த்தார். மெத்தை கெட்டியாக இருந்தது. நன்றாக இறுக்கித் திணித்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மெத்தையின் மேல் கட்டை நிற்காமல் வழுக்கி மேலேறித் தாடையில் இடித்தது. தோளிலும் உதை குறையவில்லை. கூடியது போலத்தான் இருந்தது.

"சட்டைக்குள்ள என்னத்தை வச்சிருக்கீக?" என்று கேட்டார் ஏட்டு.

"பஞ்சு."

"பஞ்சு வச்சவரு மாதிரி கத்தலையே நீங்க."

அன்று ஒத்தடம் இரண்டு இடத்தில். அடைக்கலமேரி தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"இன்பம் இருக்கிற ஊர்ல ரொம்பக் குளிராம்."

மகள் பெயர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டு வெகுநாளாகியிருந்தது. உபகாரசாமி தாடையை அசைக்க முடியாமல், "ம்" என்றார்.

"கம்பளி அனுப்பணும்."

"ம்."

மறுவாரம் மெத்தையை இரட்டிப்பாக்கச் சொன்னார். அதோடு, செருப்புத் தைப்பவரிடம் போய் லாரி டயர் ரப்பரை வெட்டி வாங்கி, கட்டையின் அடியில் ஆணி வைத்து அடித்தார். வங்கிச் சொத்தில் ஆணி அடிக்கிறோமே என்று ஒவ்வொரு அடிக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டார். துப்பாக்கி இரண்டு விரற்கடை நீண்டுபோனது. தூக்கும்போது ரப்பர் சட்டையில் மாட்டிக்கொண்டு தோளுக்கு வராமல் நடுக்கையிலேயே நின்றது. அதை விடுவிக்கிற அவசரத்தில் விரல் விசையில் பட்டுவிட்டது. கட்டை புஜத்தில் உதைக்க, கட்டைவிரல் வந்து மூக்கில் குத்தியது.

மூக்கில் ரத்தத்தோடு வந்தவரைப் பார்த்து அடைக்கலமேரி வாசலுக்கே வந்துவிட்டாள். அன்று அவள் பேசியது, அவர் தூங்கிப்போன பிறகும் நடந்தது. இடையில் கண்விழித்தபோது, யாரோ ஒரு பொன்னுத்தாயியின் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே மறுபடி தூங்கினார்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, ஏட்டு பரிதாபப்பட்டு ஒரு வார்த்தை சொன்னார். "கனமான துப்பாக்கின்னா உதை கம்மியாத்தான் இருக்கும். உங்க நேரம், இது லேசானது."

அது போதுமாயிருந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவரைப் பிடித்து, ரப்பரைப் பெயர்த்துவிட்டு, கட்டையில் அடியிலிருந்து துளை போட்டு, உருக்கிய ஈயத்தை ஊற்றச் சொன்னார் உபகாரசாமி. மரம் உள்ளே பொசுங்கும் வாடை வந்தது.

"இது தாங்குமா?" என்று கேட்டார்.

"குடத்துக்குத் தாங்குது," என்றார் ஈயம் பூசுகிறவர்.

பரீட்சையன்று போலீஸ் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கிளையை நடத்துகிற வங்கி ஏஜெண்டு குடையோடு நின்றார். உபகாரசாமி, மூன்றாவது முறையாகத் திணித்து வந்த மெத்தையோடு ஒரு பக்கம் மட்டும் பயில்வான் போல வந்து நின்றார். துப்பாக்கியைத் தூக்கினார். பின்பாரத்தில் குழல் தானாக மேலே ஏறியது. இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். உபகாரசாமி கண்ணை மூடினார்.

சத்தம் இரண்டு கேட்டது. ஒன்று தோட்டா. இன்னொன்று, பொசுங்கியிருந்த கட்டை பிளந்த சத்தமா தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தமா என்று ஏட்டுக்கும் ஏஜெண்டுக்கும் பிறகு வெகுநேரம் வாதம் நடந்தது. கரையிலிருந்த பனையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று விழுந்தது. அதிகாரி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏஜெண்டு நல்ல மனிதர். வேலையைவிட்டு அனுப்பவில்லை. "கை கூடுனதும் வாங்க. தண்ணி எடுத்து வைக்கிறது, கூப்பிட்டா வாரது, அந்த மாதிரி உள்வேலை பாருங்க," என்றார். வாசல் நாற்காலியில் நெற்குப்பை ஊர்க்காரர் ஒருவர், நிஜமாகவே சுட்டவர், வந்து உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது உபகாரசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருடம் அந்த வழியாகப் போகிறவர்கள் தனக்கு வைத்த வணக்கம் துப்பாக்கிக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அது இல்லாமல் அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்று விளங்கவில்லை.

அடைக்கலமேரி கஞ்சி ஊட்டினாள். தலை துவட்டினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒருநாள், கரண்டியை வாய் வரை கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சாமியார் கேட்டப்ப, அடைக்கலமேரி வரட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்," என்றார் உபகாரசாமி.

"நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். கூட ஒரு நாள் வச்சிருந்துட்டு அனுப்பியிருப்பேன்."

அவருக்குக் கண் நிறைந்தது. தோள்வலி என்று சொல்லிக்கொண்டார். அவள் கரண்டியை வாயில் கொடுத்தாள்.

அந்த வாரம் செம்மலை பார்க்க வந்தான். அடைக்கலமேரி கோயிலுக்குப் போயிருந்தாள். கட்டோடு கிடந்தவரைப் பார்த்து அவன், "பாவம்ணே," என்றான்.

உபகாரசாமிக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. "எல்லாம் உன்னாலதான். மூணு தடவை மெத்தை வச்சே. ஒரு தடவையாச்சும் உதை குறைஞ்சுச்சா? அது பஞ்சா, கல்லா? உனக்கெல்லாம் எதுக்குய்யா தையல் கடை?"

செம்மலைக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வாசல் வரை போனான். தொழிலைக் குறை சொன்னதைத் தாங்க முடியாமல் திரும்பி நின்றான்.

"நான் நல்ல பஞ்சு வச்சுத்தாண்ணே தச்சேன், அக்காதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அதை உருவிட்டுத் தேங்காநாரை இறுக்கித் திணிக்கச் சொன்னாக, நீங்க வலியோட வந்தாத்தான் அவுகளுக்கு உங்ககிட்டப் பேச வாய் வருதாம்."