சுட்டி அண்ணையின் தப்புக் கணக்கு

காய்கறியை அல்ஜீப்ரா விதிப்படி விற்ற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாரிசின் லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்குக் கோடியில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். கணக்கில் ஓர் எழுத்தின் தலைமேல் ஏறி நிற்கும் குட்டி எண்ணை நாம் அடுக்கு என்போம், யாழ்ப்பாணத்தில் சுட்டி என்பார்கள்; கீழே நிற்கும் எழுத்து அடி. அதனால் அவர் சுட்டி அண்ணை. சொந்தப் பெயர் முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

இரண்டு பை வெண்டைக்காயை எடுத்துப் போனால், "அடி ஒண்டுதானே, மேலை இருக்கிற சுட்டியைக் கூட்டு!" என்று ஒரே பையில் கொட்டிக் கட்டிவிடுவார். கூடவே கத்தரிக்காய் இருந்தால் அதைத் தொடமாட்டார். "அடி வேறை தம்பி, சேராது." விலைபோகாத முருங்கைக்காயை நிலவறைக்கு அனுப்பும்போது, "மைனஸ் சுட்டி, கீழை போ!" என்று வழியனுப்புவார். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவருக்கென்ன!

இப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை, கல்லாவில் போனும் கையுமாக இருந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து, காலி அட்டைப்பெட்டியில் x³ × x² = x⁶ என்று எழுதினார். காய்கறிக் கூடையோடு அங்கே நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, அடி ஒண்ணுதானே, கூட்டினா அஞ்சு..."

கல்லாவுக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்தார்.

பாரிசில் பிறந்த அந்தப் பதினான்கு வயதுப் பெண் அட்டையைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்தாள். "நோன், பப்பா!" அப்புறம் பிரெஞ்சில் பொழிந்து தள்ளினாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி எழுதிக் காட்டினாள். திட்டினாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அண்ணை ஒன்றும் தெரியாத அப்பாவியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் போன பிறகு சொன்னார்: "தம்பி, நான் என்ன கேட்டாலும், ஓம் எண்டால் ஒரு 'உய்', இல்லையெண்டால் ஒரு 'நோன்'. அதோடை போனுக்குள்ளை போயிடுவாள். கணக்கைப் பிழையா எழுதினால்தான் பிள்ளை என்னோடை இருந்து கதைக்குது."

சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். கால் வலி எனக்கு மறந்தே போயிற்று.

அடுத்த சனிக்கிழமை x⁰ = 0 என்று எழுதினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன நினைத்தாளோ, "இல்லை அப்பா, ஒண்டு!" என்றாள். தமிழில்!

அண்ணையின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஆள் விடவில்லை. "விளங்கேல்லை பிள்ளை. திருப்பிச் சொல்லு."

எஞ்சினியரிங் படித்த நானும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் புரியலம்மா" என்று அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.