முப்பத்து மூன்று

திரையில் 33 என்று வந்தது. எப்போதும் பைட் கணக்கே பேசுவதால் ஆபீசில் 'பைட் சார்' என்று பெயர் வாங்கிய புரோகிராமர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் 33தான்.

குளிர் அறைக்குள் முப்பத்து மூன்று டிகிரியா? நடக்கிற காரியமா! உள்ளே அவர் மனைவி இரண்டு நாள் இடுப்பொடியச் செய்த நாற்பது கேக்குகள் இருந்தன. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். "எங்க ஆபீஸ் குளிர் அறையிலேயே வச்சிடு. என் புரோகிராம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கும்" என்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான்.

அதற்காகவே காலையில் மேசையைக் குளிர் அறையின் ஓரமாக இழுத்துப் போட்டு, லேப்டாப்பைச் சார்ஜில் மாட்டி உட்கார்ந்திருந்தார். எப்போதும் இரைச்சலாக இருக்கும் மூலை இன்று அமைதியாக இருந்தது. வேலை ஓடும் என்று மகிழ்ந்தார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, கேக் நல்லா இருக்கா? எட்டு டிகிரி தாண்டினா க்ரீம் உருகிடும்."

"முப்பத்து மூணு காட்டுது. ஆனா அது பொய்."

"ஐயையோ! கதவத் திறந்து பாருங்களேன்!"

"திறந்தா உள்ள இருக்கிற குளிர் போயிடுமே! இது மெமரிச் சிக்கல்மா. கம்ப்யூட்டர் மெமரியில ரெண்டு பைட், ரெண்டு சின்னத் துண்டு, சும்மா கிடக்கும். எண்ணுன்னு படிச்சா எண்ணு, எழுத்துன்னு படிச்சா எழுத்து. நான் எங்கயோ தப்பாப் படிக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் புரியல. மூணு மணிக்கு வண்டியோட வரேன்."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அருகே வந்தார். "சார், ஒரு விஷயம்..."

"அப்புறம்க்கா. தலைக்கு மேல வேலை."

இரண்டு பைட்டையும் இடம் மாற்றிப் படித்தார். 8448 டிகிரி என்று வந்தது. அடுத்த நொடி நெருப்பு மணி அலறியது. மொத்த ஆபீசும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. மேனேஜர் ஒற்றைச் செருப்போடு நின்று தலைகளை எண்ணினார்.

"யாரு வேலை இது?"

எல்லோரும் பைட் சாரைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவர், ஒரு பைட் தள்ளிப் படித்தார். இப்படி ஒற்றைப்படை இடத்தில் ஆரம்பித்தால் எண்ணாகப் படிக்க மாட்டேன் என்று புரோகிராம் படுத்துவிட்டது. அதே எண்ணைக் காட்டும் வரவேற்பறையின் பெரிய திரையும் சேர்ந்து இருண்டது.

சரி, எழுத்தாகத்தான் இருக்குமோ என்று எழுத்தாகப் படித்தார். பெரிய திரை முழுக்க ஒரே ஓர் ஆச்சரியக்குறி வந்து நின்றது.

"என்னய்யா, யாரைப் பாத்து மிரட்டுது?" என்று மேனேஜர் வரவேற்பறையிலிருந்து கத்தினார்.

பைட் சாருக்குத் தலை சுற்றியது. எண்ணா, எழுத்தா, வலமா, இடமா, தன் பெயர்கூட நிச்சயமாகத் தெரியவில்லை. மணி இரண்டே முக்கால்.

"சார், அந்த விஷயம்..." அக்கா மறுபடி வந்தார்.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். பத்து நிமிஷம்!"

அப்போதுதான் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. வருகிற பைட்டை எதற்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும்? சோதித்து நம்பினால் போயிற்று. பழையபடி எண்ணாகவே படி. குளிர் அறைக்குப் பொருந்தாத எண் வந்தால் குப்பையில் போடு. கடைசியாக வந்த நல்ல எண்ணைக் காட்டு. நாலே வரி எழுதினார்.

திரையில் 4 என்று வந்தது.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். மேனேஜர் வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். மூன்று மணிக்கு மனைவி வந்தாள். பெரிய திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நாலு டிகிரி! நான்தான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"இதுதான்மா பாதுகாப்பாப் படிக்கிறதுங்கிறது," என்று பைட் சார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இப்போது அவருக்கு ஊருக்கே நேரம் இருந்தது. "சொல்லுங்கக்கா, காலையிலேர்ந்து என்ன விஷயம்?"

அக்கா மாப்புத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"ஒண்ணுமில்ல சார், லேப்டாப்ப மாட்டறதுக்காகக் காலையில நீங்க ஒரு பிளக்கக் கழட்டிப் போட்டீங்களே, குளிர் அறையோடது, அத இப்பவாவது திரும்ப மாட்டிடட்டுமா?"