சின்ன அறையைக் காப்பாற்ற ஒரு விளக்கம்

காலையில் மனைவி அளவு டேப்போடு சின்ன அறைக்குள் நுழைந்தபோதே நம் ஆளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தையல் தைப்பவள் டேப்பைத் தூக்குவது அதிசயமில்லை. ஆனால் சட்டை தைக்க யாரும் சுவரை அளப்பதில்லையே!

அந்த அறைதான் அவருக்கு உயிர். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் வேலை அவருக்கு. அங்கே மண்டையைப் போட்டவையெல்லாம் இங்கே வந்துதான் அடக்கமாகும். கூடவே ஓடாத விசிறிகள், பாடாத ரேடியோக்கள், எதையும் எதோடும் சேர்க்காத ஒயர்கள். மனைவிக்குத் தையல் வகுப்பு நடத்த இடம் வேண்டும். இடம் என்றால் இந்த இடம்தான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஹாலில் ஓர் அலமாரி நிறைய அவளுடைய டிசைன் புத்தகங்கள். எல்லாவற்றையும் படம்பிடித்துக் கிளவுடில் ஏற்றிவிட்டால் அலமாரியைத் தள்ளிவிடலாம். வகுப்பு ஹாலிலேயே நடக்கும். சின்ன அறை பிழைக்கும்.

சாயங்காலம் தையல் மெஷின் பக்கத்தில் போய் நைசாக உட்கார்ந்தார்.

"கிளவுடுன்னா என்னன்னு தெரியுமா?"

"நீங்க சொன்னா தெரிஞ்சுக்கறேன்."

"நம்ம சாமானை நாமளே வெச்சுக்கிட்டு அவஸ்தைப்படாம, பெரிய இடமா வெச்சிருக்கறவங்க கிட்ட குடுத்துடறது. அவங்க கம்ப்யூட்டர்ல நம்ம போட்டோ, புத்தகம் எல்லாம் பத்திரமா இருக்கும். வேணுங்கறப்போ போன்ல கேட்டா வந்து நிக்கும்."

மெஷின் நின்றது. ஒரு விஷயம் அவள் மனசில் ஏறினால்தான் அந்த மெஷின் நிற்கும்.

"அடுத்தவங்க இடத்துல வெச்சா பயமில்லையா?"

"வீட்டுல வெச்சாதான் பயம்! எலி கடிக்கும், தண்ணி சொட்டும்."

"இடம் பத்தாமப் போச்சுன்னா?"

"கூடக் கேட்டா கூடக் குடுப்பாங்க."

"கண்டவங்க வந்து எடுத்துட்டா?"

"அதெப்படி? பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்களைத் தவிர ஒருத்தரும் தொட முடியாது."

"அப்போ சாமானைக் கண்ணெதிர்லயே அடுக்கி வெச்சுக்கணும்னு இல்லை?"

"அதெல்லாம் பத்தாம்பசலித்தனம்!" என்று கையை வீசினார்.

"எவ்வளவு அழகா சொல்றீங்க. சரிங்க, அப்படியே செஞ்சுடலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கை கீபோர்டிலும் மனசு வீட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். மணி ஆனதும் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார்.

சின்ன அறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உள்ளே நாலு தையல் மெஷின்கள். நாலு பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"என் சாமானெல்லாம் எங்கே?"

"எங்கேயும் போகலைங்க. எங்க அண்ணன் குடோன்ல பத்திரமா இருக்கு. எலி கிடையாது, தண்ணி சொட்டாது. நீங்க இன்னும் வாங்கிப் போட்டாலும் இடம் இருக்காம். ஏத்திக்கிட்டுப் போன அதே வண்டியில மெஷினும் வந்துடுச்சு."

"நான் சொன்னது உன் புத்தகத்தை!"

"அது தினம் எடுத்துப் பாக்கறதாச்சே. நீங்க அந்த விசிறியை எப்பங்க போட்டீங்க?"

நாலு பெண்களும் தைத்துக்கொண்டிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலுக்கு ஓடிப்போய் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஒரே ஒரு ரேடியோவையாவது குடுத்து அனுப்புங்க."

"உங்க சாமானைக் குடுக்கறதுல எனக்கென்ன மாப்ளே? பாஸ்வேர்ட் மட்டும் வேணும்."

"என்ன பாஸ்வேர்ட்?"

"தங்கச்சியோட குரல்."